கறை ராத்தங்காத மனிதர்

"நான் இருக்கிற இடத்துல ஒரு கறை ராத்தங்கினதா சரித்திரமே கிடையாது!"

இந்த மாபெரும் அறிவிப்பு ஒரு கார் பட்டறையில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளியின் மேல் ஏறி நின்று, தோளில் மஞ்சள் துணியோடு வெளியிடப்பட்டது. வெள்ளைக் கார்க்காரர் ஒருவர் தம் வண்டியின் கூரையில் காக்கை போட்டிருந்த எச்சத்தைப் பார்த்து, "கிடக்கட்டும், நாளைக்குத் துடைச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். சாதாரண மனிதர்கள் சாதாரணமாகச் சொல்லும் சாதாரண வாக்கியம்தான். ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில் நம் நாயகருக்கு மூக்கு சிவந்தது, காது சிவந்தது, வாளி கவிழ்ந்தது. அறிவிப்பு முடிந்ததும் வெள்ளைக் கார்க்காரர் நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார். இவரிடம் கேட்டாரா, காரிடம் கேட்டாரா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

நம் நாயகரின் தொழில் வண்டிகளுக்கு மெருகேற்றுவது. பட்டறையில் அவருக்குப் 'பளபளா' என்று பெயர். முதலாளி அப்படித்தான் கூப்பிடுவார், வாடிக்கையாளர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பொறாமைக்காரர்களும் வேறு வழியில்லாமல் அப்படியே கூப்பிட்டு வந்தார்கள். இது பிறவியிலேயே பிடித்த பித்து என்று வீட்டார் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைத் துடைக்கச் சொன்னால் துடைத்துவிட்டு ஆசிரியரை எழுத விடமாட்டாராம். "இப்பதான் சார் பளிச்சுனு இருக்கு, பாவம் சார்" என்று கண் கலங்கக் கெஞ்சியதில் ஒரு முழுக் கணக்கு வகுப்பு நடக்காமல் போயிற்று. அன்று சக மாணவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். ஒரு கலைஞனுக்கு முதல் அங்கீகாரம் எங்கிருந்து வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

தொழிலில் அவருக்கென்று ஓர் அரசியல் சட்டம் இருந்தது. மெழுகைப் பூசு. காயவிடு. வெள்ளையாகப் பூத்து வந்ததும் மெத்தென்ற துணியால் துடைத்து எடு. எடுத்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பார். திட்டுத் திட்டாக எதுவும் மிச்சமிருந்தால் வெட்கப்படு, மறுபடி துடை. பழைய பூச்சின் மேலேயே புதுப் பூச்சு போடுகிறவன் தொழிலாளியே அல்ல, அவன் பிக்பாக்கெட்டுக்குப் பெரியப்பா பையன். இந்தச் சட்டத்துக்கு விதிவிலக்கு கிடையாது, திருத்தம் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

வீட்டு வாசலில் அவருடைய சொந்தக் கார் நின்றது. விபத்தில் நசுங்கி, காயலான் கடைக்குப் போகவிருந்ததை வாங்கி வந்து, நிமிர்த்தி, கன்னங்கறேலென்று சாயம் அடித்து வைத்திருந்தார். அதன் பானெட்டில் தலை சீவிக்கொள்ளலாம். ஆனால் தலை சீவ விடமாட்டார். முடி விழுமாம். பக்கத்து வீட்டுத் தபால்காரர் ஒருமுறை செருப்பு வாரைச் சரிசெய்ய அதன்மேல் கையை ஊன்றிவிட்டார். அதற்குப் பிறகு அவர் தம் வீட்டுக்கே எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.

இப்பேர்ப்பட்டவருக்கு எப்படிக் கல்யாணம் ஆனது என்று கேட்கலாம். கீறல்களால் ஆனது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்மணி ஒருவர், மாணவர்கள் சுவரிலும் கம்பத்திலும் இழைத்துக் கொண்டுவந்த பயிற்சி வண்டியைப் பட்டறைக்கு ஓட்டி வந்தார். பளபளா அதைக் கண்ணாடியாக்கி அனுப்பினார். அடுத்த வாரமே புதுக் கீறலோடு வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். "மேடம், உங்க ஸ்டூடண்ட்ஸ் ரொம்ப மோசம் மேடம்" என்றார் பளபளா. "இந்தக் கீறல் ஸ்டூடண்ட் போட்டதில்ல" என்றார் மேடம், தலையைக் குனிந்துகொண்டே. மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் பளபளாவுக்கு அவர் 'மேடம்'தான். மேடம் இவரை 'ஏங்க' என்பார். கோபம் வந்தால் மட்டும், பள்ளியில் மாணவர்களை அழைப்பதுபோல, 'சார்' என்பார்.

மேடத்தைப் பற்றி இன்னொரு விஷயம் தெரிய வேண்டும். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அதை மிதித்து மிதித்து, எங்கே ஆபத்து தெரிந்தாலும் மேடத்தின் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். சாப்பாட்டு மேஜையில் யாராவது குழம்புக் கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்தால் மேஜைக்கடியில் 'டப்' என்று சத்தம் கேட்கும். பாப்பா பிறந்து, பளபளா அவளை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது, மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த மேடத்தின் கால் போர்வைக்குள்ளேயே பிரேக் போட்டது.

பாப்பா நல்லபடியாகத்தான் வளர்ந்தாள். மேடத்தின் விடுப்பு முடிந்து திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகவேண்டும். பட்டறை முதலாளியிடம் பேசி, பளபளா பகல் முழுக்கப் பாப்பாவைப் பார்த்துக்கொண்டு சாயங்கால வேலைக்குப் போவதாக ஏற்பாடு. எல்லாம் கச்சிதம். அந்த நேரம் பார்த்துத்தான், டயப்பர் மூடியிருக்கும் இடத்தில் பாப்பாவுக்குச் சிவந்து போயிற்று.

முதலில் லேசான சிவப்பு. பிறகு தக்காளி. பிறகு, பளபளா பட்டறையில் விவரித்தபடி, "ஒரிஜினல் ஃபயர் இன்ஜின் கலர்". தொட்டால் வீரிட்டாள். மேடத்தின் அக்காள், அதாவது பாப்பாவின் பெரியம்மா, செய்தி கேட்ட அன்றே காரில் வந்து இறங்கினார். பஸ் மாறிப் பஸ் ஏறிப் போகவேண்டிய ஊர் அவருடையது. ஆனால் இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் என்பதால் தூரத்தை மதிக்கமாட்டார். வண்டியைப் புழுதியோடு கொண்டுவந்து நிறுத்தினால் போகும்போது அது பளபளவென்று இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

பெரியம்மா பாப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பளபளாவையும் திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், இது நீங்க பார்த்துக்குற லட்சணமா?"

"அக்கா, நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சுத்தம் பண்றேன் தெரியுமா?"

"தெரியுதே. தோலையும் சேர்த்துச் சுத்தம் பண்ணிருக்கீங்க."

கூடிப் பேசி முடிவு எடுக்கப்பட்டது. பளபளா கூட்டத்தில் இருந்தார், முடிவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சிவப்பு ஆறவில்லை என்றால் பாப்பா பெரியம்மா வீட்டுக்குப் போகிறாள். வாரக் கடைசியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். "ஒரு மூணு மாசம். கொஞ்சம் பெரிசாயிட்டா தானா சரியாயிடும்" என்றார் பெரியம்மா, ஏதோ தையற்கடையில் துணி கொடுப்பதுபோல. மேடத்தின் கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

பளபளா வெளியே வந்து கறுப்புக் காரில் தன் முகத்தைப் பார்த்தார். மூன்று மாதம்! அதற்குள் பாப்பா குப்புற விழுவாள், உட்காருவாள், யாரையோ பார்த்து "ப்பா" என்பாள். அந்த யாரோ பெரியப்பாவாக இருந்துவிட்டால்?

"துணி சரியில்ல" என்றார் காரிடம். "தப்பு துணியிலதான் இருக்கு."

இப்படித்தான் நம் நாயகர், குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்துணியான 'வைப்ஸ்' என்னும் பெருங்கடலில் குதித்தார்.

மருந்துக் கடைக்காரம்மா நல்ல பொறுமைசாலி. அன்றுவரை.

"என்ன வேணும்?"

"பாப்பாவுக்கு வைப்ஸ்."

"எந்தக் கம்பெனி?"

"எல்லாக் கம்பெனியும்."

மேஜைமேல் பாக்கெட்டுகள் குவிந்தன. மேகம் போட்டது, இறகு போட்டது, பூப் போட்டது, முயல்குட்டி போட்டது. பளபளா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் குழந்தை சிரிக்குதே. அழற குழந்தை படம் போட்டது இருக்கா? அவன்தான் நேர்மையான கம்பெனிக்காரன்."

"அப்படியெல்லாம் வராதுங்க."

"இதுல 'தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு. சோதிச்சாங்க, சரி. பாஸா ஃபெயிலா?"

கடைக்காரம்மா பாக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். இத்தனை வருஷம் விற்றிருக்கிறார், இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. "அத போடலையே" என்றார் மெல்ல. வரிசையில் நின்ற மாமா ஒருவர், "அதானே!" என்று தம் இருமல் மருந்தையும் திருப்பிப் படிக்க ஆரம்பித்தார். சற்று நேரத்தில் கடையில் எல்லோரும் எதையாவது திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரம் நின்றுவிட்டது.

"அண்ணா, எல்லாத்துலயும் ஒண்ணு தரேன், எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் கடைக்காரம்மா கும்பிடாத குறையாக.

சோதனைக் கூடம் பட்டறையில் அமைந்தது. மெருகுத் தொழிலில் துணி வாங்கும்போது ஒரு பரீட்சை உண்டு: பழைய சிடி ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் துணியைத் தேய்த்துப் பார்ப்பார்கள், கோடு விழுந்தால் அந்தத் துணி வண்டிக்கு ஆகாது. பளபளா எல்லா வைப்ஸையும் சிடியில் தேய்த்தார். இறகு படம் போட்டது சிடியில் ஏர் உழுதது. முயல்குட்டி கிழிந்து கையோடு வந்தது. பிழைத்தவற்றைப் பட்டறைக்கு வந்திருந்த ஒரு கறுப்பு வண்டியின் கதவில் இழுத்து, காய்ந்ததும் பிசுக்குத் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தார். அதிலும் பிழைத்தவற்றைத் தம் திருமேனியிலேயே சோதித்தார்: இடது கன்னத்துக்கு ஒன்று, வலது கன்னத்துக்கு ஒன்று, நெற்றிக்கு ஒன்று, முழங்கை மடிப்பின் உட்பக்கத்துக்கு ஒன்று. அப்படியே நாள் முழுக்கத் திரிந்தார்.

பட்டறையில் நசுங்கல் எடுக்கும் டிங்கர் ஒருவர் உண்டு. அவரைச் 'சுத்தியல்' என்பார்கள். அவர் பளபளாவைச் சுற்றி வந்தார்.

"ஏய், என்னடா இது? இந்தப் பக்கம் மூஞ்சி புது மாடலா இருக்கு, அந்தப் பக்கம் பழைய மாடலா இருக்கு. நடுவுல மூக்கு மட்டும் ஆக்சிடெண்ட் வண்டி."

"தொடாத. ரிசல்ட் வர நேரம்."

"வாசனை தூக்குதே! கல்யாண மாப்பிள்ளை மாதிரி!"

பளபளா அந்த நொடியே வலது கன்னத்தைக் குழாயடியில் கழுவினார். "வாசனையா? அப்ப அது அவுட்."

"ஏன்டா? நல்லாத்தான இருக்கு?"

"பழைய வண்டி விக்கிறவன் எப்ப சென்ட் அடிப்பான்? உள்ள ஏதாவது செத்துக் கெடந்தாத்தான். வாசனை போடறவன் எதையோ மறைக்கிறான்."

சுத்தியலுக்கு இது மறுக்க முடியாத தத்துவமாகப் பட்டது. அன்று மாலை முழுக்கத் தம் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒன்று தேறியது. மேகம் இல்லை, பூ இல்லை. வெறும் வெள்ளைப் பாக்கெட். வாசனை இல்லை, ஆல்கஹால் இல்லை, பிசுக்கு இல்லை, சிடியில் ஒரு கோடு இல்லை. தண்ணீரும் மெத்தென்ற துணியும்தான். பளபளா அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபோது பட்டறையில் ஓர் ஆரவாரம் எழுந்தது. முதலாளி அறையிலிருந்து ஓடி வந்து, லாட்டரி அடித்ததா என்று கேட்டார்.

சிவப்புக்குப் பூசும் கிரீமையும் அதே முறையில்தான் தேர்ந்தெடுத்தார்: கெட்டியாக, வெள்ளையாக, வாசனை இல்லாமல். விரலில் எடுத்தவுடன் அவர் முகம் மலர்ந்தது. எத்தனை வருஷப் பழக்கம்! இது மெழுகேதான்.

அன்றிலிருந்து பாப்பாவுக்கு ராஜ உபசாரம். டயப்பரைக் கழற்றுவார். துடைப்பார். கிரீமைச் சின்னச் சின்ன வட்டங்களாகப் பூசுவார். ஒரு பாட்டு முணுமுணுப்பார். காய்ந்ததும்... சரி, காய்ந்ததும் என்ன செய்தார் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. டயப்பர் மாற்றுவது என்றால் எல்லோருக்கும் வேறு அறையில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். இது உலக நியதி.

வெள்ளி வந்தது. சிவப்பு போகவில்லை.

மேடம் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். "பாப்பா துணியெல்லாம் அக்கா பையில எடுத்து வெச்சிட்டேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. 'சார்' கூட இல்லை. அதுதான் பளபளாவை உலுக்கியது.

"மேடம், உலகத்துலயே பெஸ்ட் வைப்ஸ் அது. நான் மூஞ்சியில போட்டுப் பார்த்தேன்."

"தெரியும்ங்க."

"சிடியில ஒரு கோடு விழல மேடம்."

"பாப்பா சிடி இல்லங்க."

அக்காள் வந்து அழைத்துப் போவதற்கு முன் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். குழந்தை டாக்டர் தூக்கம் போதாத மனிதர். அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையில் பேனா கசிந்து நீலமாக ஒரு பெரிய கறை. பளபளாவின் பார்வை அதில் போய் ஒட்டிக்கொண்டது. டாக்டர் கேட்ட முதல் கேள்விகள் எதுவும் அவர் காதில் விழவில்லை. மேடம்தான் பதில் சொன்னார்.

டாக்டர் வெள்ளைப் பாக்கெட்டைப் பார்த்தார். "நல்ல வைப்ஸ்தானே. வாசனை இல்ல, ஆல்கஹால் இல்ல. கிரீமும் சரியான கிரீம். யார் பார்த்து வாங்குனது?"

பளபளா நிமிர்ந்து உட்கார்ந்தார். வாளி இல்லாத குறைதான்.

"அப்புறம் ஏன் ஆறல?" என்று டாக்டர் தம்மையே கேட்டுக்கொண்டார். "எப்படி மாத்துவீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

அதற்குத்தான் அவர் பிறந்ததே! பளபளா சட்டைக் கையை மடித்தார். பாப்பாவை மேஜையில் கிடத்தினார். துடைத்தார், ஒருமுறை மேலிருந்து கீழ், ஒருமுறை குறுக்கே. கிரீமை வட்டம் வட்டமாகப் பூசினார். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"எதுக்கு வெயிட் பண்றீங்க?" என்றார் டாக்டர்.

"பூத்து வரணும் சார்."

"என்ன பூத்து வரணும்?"

பளபளா தோளிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து, நான்காக மடித்து, பூசிய கிரீமைத் துளி விடாமல் துடைத்து எடுத்தார். விரல் நுனியால் தடவிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. மறுபடி துடைத்தார். பாப்பா வீரிட்டாள். டாக்டரின் மேஜைக்கடியில் 'டப்' என்று பிரேக் சத்தம் கேட்டது.

டாக்டர் குனிந்து பார்த்தார்.

"கிரீமை ஏன் எடுத்தீங்க?"

"வெள்ளையா நிக்குதே சார்."

"நிக்கணும். அதுக்குத்தான் அது."

"நிக்கறதுக்கா?"

"ஈரம் தோல்ல படாம அது ஒரு சுவர் மாதிரி நிக்கணும். நீங்க சுவரைக் கட்டிக் கட்டி இடிக்கிறீங்க."

பளபளா மேடத்தைப் பார்த்தார். மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பளபளா பதறினார். இல்லை, அது வேறு.

"மெழுகு..." என்றார் மேடம், மூச்சுத் திணற. "டாக்டர், இவரு பாப்பாவுக்கு மெழுகு பாலிஷ் போட்டிருக்காரு!"

டாக்டருக்கு அரைத் தூக்கமும் கலைந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் மருத்துவ உலகத்தின் சட்டத்தை எடுத்துச் சொன்னார்: கிரீமைக் கெட்டியாகப் பூசி அப்படியே விடவேண்டும். வீட்டில் இருக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும், வெளியே போனால் இந்த வைப்ஸ். தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்க வேண்டும். அவ்வப்போது டயப்பர் இல்லாமல் கொஞ்சம் காற்றாட விடவேண்டும்.

"அடுத்த தடவை மாத்தும்போது பழைய கிரீமை எடுத்துடணும்ல சார்?"

"அழுக்கை மட்டும் எடுங்க. கிரீம் ஒட்டியிருந்தா இருக்கட்டும். அது மேலயே இன்னொரு பூச்சு."

"பழைய பூச்சு மேலயே புதுப் பூச்சா!" பளபளா எழுந்தே நின்றுவிட்டார். "சார், அது ஏமாத்து வேலை சார்!"

"உங்க ஊர்ல ஏமாத்து வேலை. எங்க ஊர்ல வைத்தியம்" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது பெரும் தவம். பளபளா பாப்பாவுக்கு கிரீம் பூசினார். பூசியது பூசியபடி, வெள்ளையாக, திட்டுத் திட்டாக, வெட்கமே இல்லாமல் நின்றது. மேடம் மஞ்சள் துணியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பளபளா இரண்டு கையையும் தொடைக்கடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். முடியவில்லை. எழுந்து போய்க் குழாயைத் துடைத்தார். கதவுப் பிடியைத் துடைத்தார். நாற்காலி போட்டு ஏறி மின்விசிறியைத் துடைத்தார். தெருவில் யாருடைய வண்டியோ நின்றது. அதன் நம்பர் பிளேட்டைத் துடைத்துவிட்டு வந்தார்.

"ஏங்க, எங்க போனீங்க?"

"சும்மா, காத்தாட."

"காத்தாட விடச் சொன்னது பாப்பாவைங்க."

அடுத்த முறை மாற்றும்போது மேடம் பக்கத்திலேயே நின்றார். பளபளா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, ஒத்தினார். விரல் வெள்ளைத் திட்டின் ஓரம் வரை போனது. நின்றது. திரும்பி வந்தது. பழைய பூச்சின் மேலேயே புதுப் பூச்சைப் போட்டார், கண்ணை மூடிக்கொண்டு. பாப்பா வீரிடவில்லை. காலை ஆட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள், ஏதோ அவர்தான் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் குழந்தை என்பதுபோல.

ஞாயிறு காலையில் சிவப்பு இளஞ்சிவப்பாக இருந்தது. மத்தியானம் தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது.

பெரியம்மா மாலையில் வந்தார், வழக்கம்போல் புழுதி வண்டியில். "எங்க, பையைக் கொண்டா" என்றபடி உள்ளே நுழைந்தவர் பாப்பாவைத் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பளபளா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் வண்டிகளை வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தவருக்கு, இப்படி ஒருவர் சாய்ந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

"இது நீங்களா பண்ணீங்க?" என்றார் பெரியம்மா.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. அதான் சரியாயிடுச்சு."

பெரியம்மா தங்கையைப் பார்த்தார். தங்கை நடந்ததைச் சொல்லத் தொடங்கி, மெழுகு வரைக்கும் வந்து, மேலே போகமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியம்மாவும் சிரித்தார். பாப்பா இருவரையும் பார்த்துவிட்டு, விஷயம் தெரியாவிட்டாலும் சபை நாகரிகம் கருதிச் சிரித்தாள்.

"அப்ப இந்தப் பையில இருக்கிற துணியெல்லாம்?"

"அலமாரிக்கே போகட்டும்" என்றார் மேடம்.

இதற்குள் பளபளா வேறொரு துணியோடு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் அடக்கி வைத்த கை! பெரியம்மாவின் வண்டி அன்று அடைந்த பளபளப்பை அதைத் தயாரித்த தொழிற்சாலைகூடப் பார்த்ததில்லை. கிளம்பும்போது பெரியம்மாவுக்கே சந்தேகம் வந்து, வேறு யார் வண்டியிலாவது ஏறுகிறோமா என்று நம்பரைச் சரிபார்த்தார்.

வழியனுப்ப எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். பாப்பாவுக்கு அது காற்றாடும் நேரம். டயப்பர் இல்லை, கிரீம் மட்டும் அடையடையாக. பெரியம்மா வண்டியின் பின்கதவு மூட மறுத்து முரண்டு பிடித்தது. "ஏங்க, ஒரு கை பிடிங்க" என்று மேடம் பாப்பாவை வாங்கி, அக்காளுக்குக் கையாட்டக் காட்டுவதற்காக, அப்படியே கறுப்புக் காரின் பானெட்டில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார்.

கதவு மூடியது. பெரியம்மா போனார். மேடம் பாப்பாவைத் தூக்கினார்.

கண்ணாடிபோல் மின்னிய கறுப்பின் நட்டநடுவில், வெள்ளை வெளேரென்று, கொழுகொழுவென்று இரண்டு அரை வட்டம். நடுவில் ஒரு கோடு. எந்தக் கம்பெனியும் இதுவரை எந்தக் காருக்கும் வைத்திராத சின்னம்.

மேடத்தின் வலது கால் தரையை அழுத்தியது, 'டப்'.

பளபளா பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேடத்தைப் பார்த்தார். "மேடம், அலமாரிச் சாவி" என்றார். மேடம் எடுத்துக் கொடுத்தார். உள்ளே போனார். மஞ்சள் துணியோடு வந்தார். நான்காக மடித்தார். குனிந்து, வெளிச்சத்தில் சாய்ந்து, பக்கவாட்டில் ஒருமுறை, எதிரில் ஒருமுறை பார்த்தார். மூக்கு அதில் பட்டுவிடும்போல இருந்தது.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பாப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை காலை மேடம் வேலைக்குப் போனபின், பளபளா பாப்பாவோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எதிர்ப்பக்கமாகப் போன தபால்காரர் கறுப்புக் காரைப் பார்த்தார், நின்றார், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பழைய பாவத்துக்குப் பரிகாரம் செய்ய ஒரு வாய்ப்பு! தெருவைத் தாண்டி ஓடிவந்து சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"என்னங்க இது, ஏதோ வெள்ளையா... இருங்க, நான் துடைச்சு விடறேன்."

பளபளா அவருடைய மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தார்.

"கிடக்கட்டும்ங்க" என்றார். "நாளைக்குத் துடைச்சுக்கலாம்."